பொதியும் பொதிமாற்றமும்: பழனிமலைச் சாரலில் ஒரு லினக்ஸ் பாடம்

முன்னுரை

பழனி மலைத்தொடரின் தென்சரிவில், கொடைக்கானலுக்கும் பெரியகுளத்திற்கும் இடையே வெள்ளகவி என்றொரு சிற்றூர் உண்டு. நெடுங்காலமாக ஊர்திச் சாலை காணாத ஊர் அது. அரிசியும் உப்பும் குதிரை முதுகில் பொதியாக அவ்வூரை அடைந்தன. அங்கு விளைந்த காப்பியும் எலுமிச்சையும் அவ்வாறே பொதியாக வெளியேறின. பொதி கட்டுவோர்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. இருபுறமும் எடை ஒத்திருத்தல் வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிதல் வேண்டும். எவரிடம் சேர்ப்பது என்பதும் தெரிதல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் சுமை வழியிலேயே சரியும்.

கணிப்பொறித் தமிழில் மென்பொருள் தொகுப்பினைக் குறிக்கவும் ‘பொதி’ என்னும் இச்சொல்லே வழங்கி வருகின்றது. சொல் மட்டுமன்று, அதன் ஒழுங்கும் இங்குப் பொருந்துகின்றது. லினக்ஸ் இயங்குதளத்தில் பொதிகளை நிறுவுதல், ஆராய்தல், நீக்குதல், ஒரு வகைப் பொதியை மற்றொரு வகையாக மாற்றுதல் ஆகியவற்றை ஆணைவரி வழியாகச் செய்யும் முறையினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்வோர்க்கு இது எதற்கு என்னும் வினா எழலாம். அதற்கு விடையாக எமது பட்டறிவு ஒன்றினை முதற்கண் கூறுவோம்.

எமது பட்டறிவு

பூம்பாறை, மன்னவனூர் ஆகிய மேல்மலைச் சிற்றூர்களில் வெள்ளைப்பூண்டு பயிரிடும் உழவரிடையே வழங்கும் தொழிற்சொற்களை எம் மாணவியர் ஒருவர் திரட்டி வந்தார். 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் சொற்களே அவை. பல மாத உழைப்பில் சேர்ந்த அச்சொற்கள் யாவும் ஒருங்குறியில் தட்டச்சிடப்பட்டு ஒரே கோப்பில் இருந்தன. மழைக்காலத்தில் நாங்கள் சிலர் மலைமேல் ஒரு பள்ளியில் தங்கி, அங்கிருந்த கணிப்பொறியில் அக்கோப்பினைத் திறந்தோம். திரையில் எழுத்தில்லை, வெறுங்கட்டங்களே நிரல்நிரலாக நின்றன. மாணவியின் முகம் வாடிற்று.

கோப்பு பழுதுபடவில்லை. அக்கணிப்பொறியில் டெபியன் வழிவந்த லினக்ஸ் மிகச் சிறிய அளவில் நிறுவப்பட்டிருந்தது. தமிழ் எழுத்துரு ஒன்றும் அதில் இல்லை. இணைய இணைப்போ மழையில் அறுந்திருந்தது. எம் கைவசம் இருந்தது வேறு மரபைச் சேர்ந்த ஃபெடோரா லினக்ஸுக்குரிய எழுத்துருப் பொதி ஒன்றே. அதனை மாற்றிப் பயன்கொண்டதும், அவ்வெற்றியின் செருக்கில் மற்றொன்றை மாற்றி இடருற்றதும் ஆகிய இரண்டுமே நாம் கற்ற பாடங்கள். அவற்றை உரிய இடத்தில் விரிப்போம்.

பொதி என்பது யாது?

ஒரு மென்பொருள் இயங்குவதற்கு வேண்டிய கோப்புகள், அவை சென்று அமர வேண்டிய இடங்கள், அம்மென்பொருளைப் பற்றிய விவரக்குறிப்பு, நிறுவும்போதும் நீக்கும்போதும் செய்யத்தக்க சிறு பணிகள் ஆகிய நான்கினையும் ஒருங்கே கட்டிய தொகுப்பே பொதி. விவரக்குறிப்பில் தலையாயது ‘சார்பு’ எனப்படும் செய்தி. இப்பொதி இயங்க வேண்டுமாயின் இன்னின்ன பொதிகள் முன்னரே இருத்தல் வேண்டும் என்பதை அது கூறும். பயனிலை எழுவாயை வேண்டி நிற்பதுபோல ஒரு பொதி மற்றொன்றை வேண்டி நிற்கும். வேண்டியது கிட்டாவிடில் தொடர் முற்றுப்பெறாது.

பொதியின் பெயரைப் பகுத்துக் காண்பது தமிழ் மாணவர்க்கு எளிது. பகுபதத்திற்கு ஆறு உறுப்புகளை நன்னூலார் வகுத்தார். பொதியின் கோப்புப் பெயருக்கோ ஐந்து உறுப்புகள் போதும். முதலாவது மென்பொருளின் பெயர். இரண்டாவது மூலமென்பொருளின் பதிப்பெண். மூன்றாவது பொதி கட்டியோர் இட்ட திருத்த எண். நான்காவது அது எவ்வகைச் செயலிக்கு உரியது என்னும் குறி. ஐந்தாவது வகையைக் காட்டும் விகுதி. எழுத்துருவைப் போல எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான பொதிகளை டெபியன் மரபினர் ‘ஆல்’ என்றும், மற்றை மரபினர் ‘நோஆர்ச்’ என்றும் குறிப்பர். இந்நான்காம் உறுப்பினை நினைவில் இருத்துக. பொதிமாற்றத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இதனைச் சார்ந்ததே.

இரு மரபுகள்

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவினை வெளியிட்டபின், அதனைச் சூழப் பல வழங்கல்கள் தோன்றின. 1993 இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதன் பொதிகள் ‘டெப்’ என்னும் விகுதி பெறும். அவற்றைக் கையாளும் கருவி டி.பி.கே.ஜி. ஆகும். ரெட் ஹேட் நிறுவனத்தாரோ 1990களின் நடுவில் ஆர்.பி.எம். என்னும் கருவியை உருவாக்கினர். அம்மரபின் பொதிகட்கு அதுவே விகுதியும் ஆயிற்று. ஃபெடோரா, சூசே முதலியன ஆர்.பி.எம். மரபின, உபுண்டு முதலியன டெபியன் மரபின.

தமிழ்நாட்டில் இவ்விரு மரபுகளும் அருகருகே வழங்கியமை குறிப்பிடத்தக்கது. அரசு நிறுவனமாகிய எல்காட் 2007 ஆம் ஆண்டையொட்டிச் சூசே லினக்ஸைக் கைக்கொண்டது. அதே 2007 இல் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முதற்பதிப்பு வெளிவந்தது. அது டெபியன் வழியினது. 2011 இல் தொடங்கிய மாணவர்க்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஒரு கல்லூரியின் ஓர் அறையில் ஆர்.பி.எம்., மறு அறையில் டெப் என்னும் நிலை இதனால் இயல்பாயிற்று. இரு மரபும் அறிதல் நமக்கு இன்றியமையாததும் இதனாலேயே.

உள்ளமைப்பிலும் இரண்டும் வேறானவை. டெப் பொதிக்குள் மூன்று உறுப்புகள் உள்ளன: வடிவத்தின் பதிப்பெண்ணைக் கூறும் சிறு கோப்பு, விவரக்குறிப்பும் நிறுவற்பணிகளும் அடங்கிய கட்டு, மென்பொருட் கோப்புகள் அடங்கிய கட்டு. ஆர்.பி.எம். பொதியிலோ கையொப்பமும் விவரங்களும் தலைப்பகுதியில் அமைய, கோப்புகள் ‘சிபிஐஓ’ என்னும் கட்டாக இறுதியில் அமையும். கொண்டிருக்கும் சரக்கு ஒன்றாயினும் கட்டும் முறை வேறு.

டெபியன் மரபின் ஆணைகள்

ஆணைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகின்றோம். தட்டச்சிடுங்கால் ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே இடுக. பெரிய எழுத்து வேண்டுமிடத்து அதனைக் குறித்துள்ளோம். நிறுவுதல், நீக்குதல் ஆகியவற்றுக்கு முன் ‘சூடோ’ என்னும் சொல் வரும். மேலாளர் உரிமையோடு செய்க என்பது அதன் பொருள்.

கையிலுள்ள பொதியை நிறுவும் முன் அதனை ஆராய்தல் நன்று. ‘டி.பி.கே.ஜி. -ஐ’ என்பதில் ஐ பெரிய எழுத்தாயின் பொதியின் விவரக்குறிப்பினைக் காட்டும். சிறிய எழுத்தாயின் பொதியை நிறுவிவிடும். ஓர் எழுத்து வேறுபாட்டில் பார்ப்பதும் செய்வதும் மாறிவிடுவதை மாணவர் கருத்திற் கொள்க. ‘-சி’ என்பது உள்ளிருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். நிறுவப்பெற்ற பொதிகள் அனைத்தையும் ‘-எல்’ காட்டும். அதே எல் பெரிய எழுத்தாயின், பெயர் சுட்டிய பொதி எங்கெங்கே கோப்புகளை இட்டது என்று கூறும். ‘-எஸ்’ பெரிய எழுத்தாக வரின், ஒரு கோப்பு எப்பொதிக்கு உரியது என்பதை அறிவிக்கும். நீக்குதற்கு ‘-ஆர்’, அமைப்புக் கோப்புகளோடு முற்றும் களைதற்குப் பெரிய எழுத்துப் ‘-பி’.

டி.பி.கே.ஜி. சார்புகளைத் தேடிக் கொணராது. இல்லையென்று முறையிட்டு நின்றுவிடும். கொணரும் பணியைச் செய்வது ‘ஆப்ட்’. ‘ஆப்ட் அப்டேட்’ களஞ்சியத்தின் பட்டியலைப் புதுப்பிக்கும். ‘ஆப்ட் சர்ச்’ தேடித் தரும். ‘ஆப்ட் இன்ஸ்டால்’ சார்புகளோடு நிறுவும். களஞ்சியப் பட்டியல் மறைக்குறிக் கையொப்பம் பெற்றிருப்பதால், இடையில் எவரேனும் பொதியை மாற்றியிருப்பின் அது வெளிப்பட்டுவிடும். இணைப்பு அறுந்தோ மின்சாரம் தடைப்பட்டோ பணி இடையில் நின்றதாயின், ‘டி.பி.கே.ஜி. --கான்ஃபிகர் -ஏ’ என்பது அரைகுறையாய் நின்றவற்றை முடித்து வைக்கும். ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ விடுபட்ட சார்புகளைச் சரிசெய்யும்.

ஆர்.பி.எம். மரபின் ஆணைகள்

இம்மரபில் வினவுதல் அனைத்தும் ‘ஆர்.பி.எம். -க்யூ’ என்று தொடங்கும். அதனோடு ‘ஏ’ சேரின் நிறுவியவை யாவும் வரும். ‘எஃப்’ சேரின் ஒரு கோப்பின் உரிமையாளப் பொதி தெரியும். ‘பி’, ‘எல்’ இரண்டும் சேரின் இன்னும் நிறுவாத பொதியின் உள்ளடக்கம் தெரியும். பெரிய எழுத்துக் ‘-கே’ பொதியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். பெரிய ‘யூ’வும் சிறிய ‘வி’, ‘எச்’ இரண்டும் சேர்ந்த ஆணை பொதியை நிறுவும். பழைய பதிப்பு இருப்பின் மேம்படுத்தும். சார்புகளைக் கொணரும் பணியை ஃபெடோராவில் 2015 முதல் ‘டி.என்.எஃப்.’ செய்து வருகின்றது. அதற்கு முன் ‘யம்’ செய்தது. சூசேயில் அப்பணி ‘ஸிப்பர்’ என்பதற்குரியது.

இணைப்பற்ற ஊருக்குப் பொதி கொண்டு செல்லுதல்

மலையூர்களில் இணைப்பு நிலையானதன்று. ஆயின் மலைக்கும் அடிவாரத்திற்கும் நாள்தோறும் பேருந்து உண்டு. இந்நிலைக்கென்றே அமைந்தாற்போன்றது ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்னும் கருவி. இதனை இயற்றியவர் இந்திய டெபியன் உருவாக்குநராகிய ரித்தேஷ் ராஜ் சராஃப்.

இதன் செயல்முறை மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில், இணைப்பற்ற கணிப்பொறியில் ‘செட்’ என்னும் ஆணையால் வேண்டிய பொதிகளின் தேவைக்குறிப்பை ஒரு சிறு கோப்பாகப் பெறுதல். இரண்டாம் படியில், அக்கோப்பினை விரலியில் இட்டு, கமலாம்பாள் சரித்திரம் தந்த ராஜமையர் பிறந்த வத்தலக்குண்டுக்கோ, திண்டுக்கல்லுக்கோ எடுத்துச் சென்று, இணைப்புள்ள கணிப்பொறியில் ‘கெட்’ ஆணையால் பொதிகளை ஒரே கட்டாக இறக்குதல். மூன்றாம் படியில், மலையேறி வந்து ‘இன்ஸ்டால்’ ஆணையால் அக்கட்டினைக் கணிப்பொறியின் பொதிக்கிடங்கில் சேர்த்து, வழக்கம்போல் நிறுவுதல். இக்கருவி இல்லாவிடத்தும் வழியுண்டு. ‘ஆப்ட்-கெட் --பிரிண்ட்-யூஆர்ஐஸ் இன்ஸ்டால்’ என்னும் ஆணை எதையும் இறக்காமல், இறக்க வேண்டியவற்றின் முகவரிகளை மட்டும் அச்சிட்டுக் காட்டும். அவற்றைக் குறித்துச் சென்று இறக்கிவரலாம்.

பொதிமாற்றம்

ஒரு மரபின் பொதியை மற்றொரு மரபின் பொதியாக மாற்றும் கருவி ‘ஏலியன்’. அயலார் என்பது அப்பெயரின் பொருள். கிறிஸ்டாஃப் லாமீட்டர் தொடங்கிய இதனை ஜோயி ஹெஸ் நெடுங்காலம் பேணி வளர்த்தார். ‘ஏலியன் -டி’ என்பது ஆர்.பி.எம். பொதியை டெப் ஆக்கும். ‘ஏலியன் -ஆர்’ டெப் பொதியை ஆர்.பி.எம். ஆக்கும். கோப்புகளின் உரிமைகள் பிறழாதிருக்க மேலாளர் உரிமையோடு இதனை இயக்குதல் வேண்டும். மாற்றிய பொதியின் திருத்த எண்ணில் ஒன்றைக் கூட்டுவது இதன் இயல்பு; கூட்டாதிருக்க ‘-கே’ சேர்க்க.

இம்மாற்றத்தில் எது கடக்கிறது, எது கடப்பதில்லை என்பதை அறிதல் வேண்டும். கோப்புகள் கடக்கின்றன, பெயரும் விளக்கமும் கடக்கின்றன. நிறுவற்பணிகள் ‘--ஸ்கிரிப்ட்ஸ்’ என்று கேட்டாலன்றிக் கடப்பதில்லை. சார்புகளோ பெயர்ப்படி கடப்பதேயில்லை. இரு மரபினரும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயர் இட்டிருத்தலே காரணம். வடசொல் தமிழுக்கு வரும் முறையினை இங்கு ஒப்பிடலாம். சில சொற்கள் தற்சமமாய் மாறாது வரும். சில தற்பவமாய்த் திரிந்தே வரும். எழுத்துரு, படங்கள், அகராதித் தரவு போன்ற செயலிசாராப் பொதிகள் தற்சமம் போன்றவை, இடையூறின்றி வரும். செயலிக்கென ஆக்கப்பெற்ற நிரல்கள் தற்பவம் போன்றவை. வந்த இடத்தின் நூலகங்களோடு இசைந்தாலன்றி இயங்கா.

எமது பட்டறிவில் முதலில் மாற்றியது எழுத்துருப் பொதி. உடன் கொண்டுசென்ற டெபியன் மடிக்கணினியில் ஏலியன் இருந்தது. ‘லோகித்’ தமிழ் எழுத்துருவின் ஆர்.பி.எம். பொதியை அதில் டெப் ஆக்கி, பள்ளிக் கணிப்பொறியில் நிறுவி, ‘எஃப்சி-கேஷ்’ ஆணையால் எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தோம். கட்டங்கள் மறைந்து, பூண்டு உழவரின் சொற்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் தெரிந்தன. எமக்கு அது பெருமகிழ்வு.

நேர்ந்த பிழை

மறுநாள் அச்சிடுதற்கென ஒரு ஆர்.பி.எம். பொதியை அவ்வாறே மாற்றினோம். அது செயலிக்குரிய நிரல். தனக்கு வேண்டிய திரைக்காட்சி நூலகம் ஒன்றின் பழைய படியையும் தன்னகத்தே கொண்டிருந்தது. நிறுவ முற்பட்டபோது, அக்கோப்பு வேறொரு பொதிக்கு உரியது என்று டி.பி.கே.ஜி. மறுத்தது. அம்மறுப்பினை மதியாது, மேலெழுதுமாறு ‘--ஃபோர்ஸ்-ஓவர்ரைட்’ இட்டு வற்புறுத்தினோம். பிழை எம்முடையதே. கணிப்பொறியை மீண்டும் இயக்கியபோது வரைகலைத் திரை வரவில்லை. மாணவியின் கோப்போ, அன்று அவர் சேர்த்த புதிய சொற்களோடு, அதனுள்ளேதான் இருந்தது.

மீட்ட முறையினைப் பிறர்க்குப் பயன்படுமாறு நிரல்படக் கூறுகின்றோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 விசைகளைச் சேர அழுத்தி எழுத்துத் திரையை அடைந்தோம். பொதிப்பணிகள் பயனர் கோப்புகள் உறையும் ‘ஹோம்’ அடைவினைத் தொடுவதில்லை. ஆகவே சொற்கோப்பு நலமாக இருந்தது. முதற்பணியாக அதனை விரலியில் படியெடுத்தோம். பின்னர் பெரிய எழுத்து ‘-எஸ்’ கொண்டு, கெட்ட நூலகக் கோப்பு இப்போது எப்பொதியின் பெயரில் உள்ளதென அறிந்தோம். மாற்றிய பொதியை நீக்கினோம். நீக்கவே மேலெழுதிய கோப்பும் உடன் போயிற்று. மூலப் பொதியை மீள நிறுவுதல் இன்றியமையாததாயிற்று. இணைப்போ இல்லை.

அங்கு எம்மைக் காத்தது பொதிக்கிடங்கு. ‘வார்’ அடைவின் ‘கேஷ்’, அதனுள் ‘ஆப்ட்’, அதனுள் ‘ஆர்க்கைவ்ஸ்’ என்னுமிடத்தில் முன்னர் இறக்கிய பொதிகள் தங்கியிருக்கும். ‘ஆப்ட்-கெட்’ அவற்றை வைத்திருக்கும். புதிய ‘ஆப்ட்’ ஆணையோ நிறுவியபின் அழித்துவிடும். அப்பள்ளியில் ‘ஆப்ட்-கெட்’ வழங்கியமையால் மூலப் பொதி கிடங்கில் இருந்தது. அதனை நேரே நிறுவத் திரை மீண்டது.

கீழிறங்கி வந்தபின் மற்றோர் உண்மையும் அறிந்தோம். முதல்நாள் அரும்பாடுபட்டு மாற்றிய அதே லோகித் எழுத்துரு டெபியன் களஞ்சியத்திலேயே இருந்தது. ஃபெடோராவில் ‘லோகித்-டமில்-ஃபாண்ட்ஸ்’ எனப்படுவது டெபியனில் ‘ஃபாண்ட்ஸ்-லோகித்-டாம்ல்’ எனப்படுகின்றது. பெயர் மாறியிருந்தமையால் நாம் காணவில்லை. மலையேறும் முன்னர்த் தேடவுமில்லை.

கதிரவன் ஆய்வகம் காட்டும் நெறி

மாற்றத்தின் நெறியினைக் கொடைக்கானலிலேயே காணலாம். அங்குள்ள கதிரவன் ஆய்வகம் 1899 இல் தொடங்கப்பெற்றது. ஜான் எவர்ஷெட் தம் பெயர் தாங்கிய விளைவினை 1909 இல் கண்டறிந்ததும் அங்கேதான். 1904 முதல் நாள்தோறும் எடுத்துவந்த கதிரவன் படங்கள் ஒளிப்படத் தகடுகளிலும் படச்சுருள்களிலும் சேர்ந்தன. இன்று அவ்வாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்மப்படுத்தி, ‘ஃபிட்ஸ்’ என்னும் வானியல் வடிவில் ஆய்வாளர்க்கு அளித்து வருகின்றது. மாற்றியபின்னும் மூலத் தகடுகள் பேணப்பெறுகின்றன. ஐயம் எழின் மூலத்திடம் மீளலாம்.

அப்படங்களைத் தம் கணிப்பொறியில் காண விழையும் மாணவர், பொதிமாற்றம் ஏதும் செய்ய வேண்டுவதில்லை. ‘சாவோடிஎஸ்9’, ‘க்னூஆஸ்ட்ரோ’, ‘பைத்தான்3-சன்பை’ ஆகிய பொதிகள் டெபியன் களஞ்சியத்தில் ஆயத்தமாக உள்ளன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

1. மாற்றுவதற்கு முன் சொந்தக் களஞ்சியத்தில் தேடுக. பெயர் வேறாக இருக்கலாம்.
2. இருப்பின், இணைப்பில்லாவிடினும் கொண்டுவர வழியுண்டு, அதுவே நல்வழி.
3. மாற்றியே தீர வேண்டுமாயின், செயலிசாராப் பொதியா என்று நோக்குக.
4. இயங்குதளத்தின் அடிப்படை நூலகங்களையும் தொடக்க நிரல்களையும் மாற்றுப்பொதியால் ஒருபோதும் மேலெழுதற்க; ஏலியனின் கையேடும் இவ்வாறே எச்சரிக்கின்றது.
5. கருவி மறுப்பின் காரணம் கேட்க, வற்புறுத்தற்க.
6. மூலப் பொதியையும் தம் ஆக்கக் கோப்புகளின் படியையும் வேறிடத்தில் வைத்திருக்க.

பூண்டு உழவரின் சொற்கள் இப்போது மூன்றிடங்களில் படியாக உள்ளன. அவற்றுள் ஒன்று எம் துறையின் கணிப்பொறியில் இருக்கின்றது. சொற்களைத் திரட்டியவர் ஒரு மாணவி. அவற்றைச் சொல்லித் தந்தோர் மேல்மலை உழவர். ஓர் எழுத்துருப் பொதி இன்மையால் அவை கட்டங்களாய் நின்ற அந்த மாலைப்பொழுதை நாங்கள் மறக்கவில்லை. தமிழ்ச் சொல்லைத் திரட்டுவோர் அச்சொல் திரையில் எவ்வாறு வந்து நிற்கின்றது என்பதையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் கடமையாகும்.